எரியாத பிரேக் லைட்

ஸ்டேஷன் போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் அப்போதுதான் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்திருந்தாள். ரிசீவரை எடுத்தாள். மறுமுனையில் ஒரு லாரி டிரைவர். மூச்சு வாங்கியது.

"மலை ரோடு முடியற எடத்துல ஒரு கார் மணல்மேட்டுல ஏறி நிக்குது மேடம். உள்ள ஒரு பொம்பள. உசிரு இருக்கு... பிரேக் புடிக்கலன்னு மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுது."

ஜீப் போய்ச் சேர்ந்தபோது, சாம்பல் நிறக் கார் ஒன்று சாலை வேலைக்காகக் கொட்டியிருந்த மணலில் மூக்கைப் புதைத்துக்கொண்டிருந்தது. இடது பக்கம் நசுங்கிப் போயிருந்தது. வலது பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

ஓட்டி வந்தவள் சாலையோரக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் ரத்தம். மணிக்கட்டு வீங்கியிருந்தது.

அவளைப் பார்த்ததும் ஏட்டு ஒரு கணம் தயங்கினார்.

"டிரைவிங் ஸ்கூல் டீச்சர் மேடம். ஒர்க்‌ஷாப்காரர் சம்சாரம்."

அதைச் சொல்லும்போது அவர் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டர் அதைக் கவனித்தாள்.

வாகன ஆய்வாளர் வந்தார். வாய் ஓயாமல் பேசுகிறவர். காருக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்ததும் அவருடைய பேச்சு நின்றது.

முன்சக்கரங்களுக்கு பிரேக் ஆயிலைக் கொண்டுபோகும் ரப்பர் குழாய்கள், பிரேக் ஹோஸ் இரண்டும் அறுந்திருந்தன.

"தேஞ்சு போனதில்ல மேடம்," என்றார். "பிளேடு."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து மலையைப் பார்த்தாள். வளைவுக்குமேல் வளைவு. ஒவ்வொன்றின் விளிம்பிலும் வெறும் ஆகாயம்.

இதில் பிரேக் இல்லாமல் ஒருத்தி இறங்கி வந்திருக்கிறாள்!

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி டீச்சர் நடந்ததைச் சொன்னாள். வீடு மலைமேல். ஷெட்டிலிருந்து காரை எடுத்தபோது எதுவும் தெரியவில்லையாம். முதல் வளைவில்தான் தெரிந்ததாம்.

"பிரேக்கை மிதிச்சேன். கால் தரை வரைக்கும் போச்சு. மறுபடி மறுபடி மிதிச்சேன், ஒண்ணுமே இல்ல. அப்புறம் ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடுத்துட்டேன். தேர்டு... செகண்டு. இன்ஜின் கத்திச்சு. ஆனா வண்டியப் புடிச்சு இழுத்துச்சு."

கியரில் இருக்கும் கார், ஆக்சிலேட்டரை விட்டால் தன் இன்ஜினாலேயே தன்னை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். தினமும் அவள் மாணவிகளுக்குச் சொல்லித்தருகிற பாடம் அது. கீழே வந்ததும் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மணலில் ஏற்றி நிறுத்தியிருக்கிறாள்.

யார்மேலாவது சந்தேகம் உண்டா என்று இன்ஸ்பெக்டர் கேட்டாள்.

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஷெட் சாவி எங்க ரெண்டு பேர்கிட்டதான் இருக்கு."

அவ்வளவு போதும். அன்று மதியமே ஒர்க்‌ஷாப்காரன் லாக்கப்பில் இருந்தான். அவனுடைய டூல் பெட்டியில் பிரேக் ஆயில் பிசுபிசுக்கும் பிளேடு ஒன்று கிடைத்தது. அவன் சத்தியம் செய்தான், அழுதான், தலையில் அடித்துக்கொண்டான். ஹோஸைத் தொடவே இல்லை என்றான்.

ஏட்டு சிரித்தார். இன்ஸ்பெக்டருக்கும் கேஸ் முடிந்துவிட்ட நிம்மதி.

அது சாயங்காலம் வரைதான்.

வாக்குமூலம் கொடுக்க லாரி டிரைவர் வந்தான். மலை உச்சியிலிருந்தே அந்தக் காருக்குப் பின்னாலேயே வந்தவன் அவன். பெரிய வாய்க்காரன். அடிபட்டவள் பிழைத்துவிட்டாள் என்று தெரிந்ததும் அவனுடைய இரக்கம் கோபமாக மாறியிருந்தது.

"சொல்லக்கூடாது மேடம், ஆனா அந்தம்மா என்னக் கொன்னுருக்கும். ஒவ்வொரு வளைவுலயும் வண்டி ஸ்லோ ஆவுது, பின்னாடி லைட்டே எரியல. எனக்கு எப்படித் தெரியும்? ரெண்டு எடத்துல இடிக்கப் பாத்தேன்."

"ஒரு தடவைகூட எரியலயா?"

"உச்சியிலேர்ந்து கீழ வரைக்கும் எரியல. என் கண்ணு அங்கயேதான் இருந்துச்சு."

இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது.

ஆக்சிலேட்டரை மட்டும் விட்டால் பிரேக் லைட் எரியாது. சரி. ஆனால்...

மறுபடி மறுபடி பிரேக்கை மிதித்ததாக அல்லவா சொன்னாள்?

ஸ்டேஷன் யார்டில் தார்ப்பாய் மூடிக் கிடந்த காரிடம் போனாள். வாகன ஆய்வாளரைப் பின்னால் நிற்கவைத்துவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். பிரேக்கை மிதித்தாள். எதிர்ப்பே இல்லாமல் பெடல் தரையைத் தொட்டது.

"எரியுதா?"

"பளிச்சுன்னு எரியுது மேடம். ஆயில் இல்லாட்டி என்ன? பெடல் அசைஞ்சாலே லைட் எரியும்."

இன்ஸ்பெக்டர் காலை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

பிரேக் இல்லை என்று தெரியாதவள் ஒருமுறையாவது மிதித்திருப்பாள். மிதிக்கவே இல்லை என்றால்...

அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது!

மறுநாள் காலை. ஆஸ்பத்திரி அறைக் கதவைச் சாத்திவிட்டு, நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப்போட்டாள் இன்ஸ்பெக்டர். லாரி டிரைவர் சொன்னதையும், யார்டில் தான் பார்த்ததையும் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை.

டீச்சர் மறுக்கவில்லை.

"நான்தான் அறுத்தேன்," என்றாள். "அவரோட பிளேடாலதான்."

"ஏன்?"

"போன மழைக்காலத்துல உங்க ஸ்டேஷனுக்கு வந்தேன். நீங்க அப்போ இல்ல. தண்ணித் தொட்டியில என் தலைய அமுக்கிப் புடிச்சாருன்னு சொன்னேன். காயம் எங்கன்னு ஏட்டய்யா கேட்டாரு. தண்ணி காயம் பண்ணுமா மேடம்? வீட்டுக்குப் போம்மான்னு அனுப்பிட்டாரு. வீட்டுல அவரு வாசல்லயே நின்னுட்டிருந்தாரு."

நேற்று ஏட்டு ஏன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை என்பது இப்போது விளங்கியது.

"உங்களுக்கு ஆதாரம் வேணும். நான் ஆதாரம் செஞ்சேன்."

"கீழ ரோட்டுல யாராவது குறுக்க வந்திருந்தா?"

டீச்சரின் கண்கள் முதல்முறையாகக் கலங்கின. இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு கிடந்ததாகச் சொன்னாள். செய்யும்போது நினைக்கவில்லையாம்.

இன்ஸ்பெக்டர் ஸ்டேஷனுக்குத் திரும்பினாள். செய்யாத குற்றத்துக்கு ஒருவனை உள்ளே வைத்திருக்க முடியாது. அவனை வெளியே விட்டால் அவன் நேராக எங்கே போவான் என்பதும் அவளுக்குத் தெரியும்.

லாக்கப் கம்பிக்கு முன்னால் நின்றாள். ஹோஸை அவன் அறுக்கவில்லை என்று தெரிந்துவிட்டதாகவும், கிளம்பலாம் என்றும் சொன்னாள்.

அவன் கும்பிட்டான். அறுத்தது யார் என்று கேட்கவில்லை. பெண்டாட்டி எப்படி இருக்கிறாள் என்றும் கேட்கவில்லை.

"வண்டிய இன்னிக்கே எடுத்துக்கலாமா மேடம்? பழைய இரும்புக்குப் போட்டுடறேன். அந்த ராசியில்லாத வண்டி எனக்கு வேணாம்."

ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன். ஒரு பக்கம் மட்டும் நசுங்கிய காரைத் தட்டிச் சரிசெய்துவிட முடியாதா அவனால்?

இன்ஸ்பெக்டர் அவனை உட்காரச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். காரை முழுசாகத் தூக்கி, அடிபடாத பக்கத்தையும் பார்க்கும்படி வாகன ஆய்வாளரிடம் சொன்னாள்.

அவர் திரும்பி வந்தபோது முகம் வெளிறியிருந்தது.

அவர் காதோரம் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, இன்ஸ்பெக்டர் லாக்கப்புக்குள் போனாள்.

"வண்டியில சின்னதா ஒரு கோளாறு இருக்காம். முன்சக்கரத்தத் தாங்கற போல்ட்டுல நட்டைக் காணோம்."

அவன் தோளைக் குலுக்கினான்.

"அந்த வலது பக்க நட்டு பழசு மேடம். தானா கழண்டிருக்கும்."

"நசுங்கினது இடது பக்கம்," என்றாள் இன்ஸ்பெக்டர் மெதுவாக. "வலது பக்கம்னு நான் சொல்லவே இல்லையே."

அவன் லாக்கப் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. விட்டுவிட்டுப் போகிறேன் என்று அவள் சொன்னாளாம். எப்படிப் போகிறாள் என்று பார்த்துவிடலாம் என்று இவன் நினைத்தானாம். நட்டைக் கழற்றிவிட்டு, போல்ட்டை மட்டும் சொருகி வைத்திருக்கிறான். கழற்றிய நட்டு அவன் ஒர்க்‌ஷாப் அலமாரியிலேயே கிடைத்தது. மலை இறக்கத்தில் எப்படியும் பிரேக்கை அழுத்தித்தானே ஆகவேண்டும்? அழுத்தினால் போல்ட் துள்ளி விழும். சக்கரம் மடங்கும். அப்புறம் பள்ளத்தாக்குதான்!

அவள் பிரேக்கைத் தொடவே இல்லை. தொட்டாலும் பிடித்திருக்காது; அதனால்தான் போல்ட் விழாமல் நின்றது.

இன்ஸ்பெக்டர் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போய் அதைச் சொன்னாள். டீச்சரின் விரல்கள் போர்வையைக் கசக்கிக்கொண்டிருந்தன.

"அப்போ... நான் ஹோஸை அறுக்காம வழக்கம்போல ஓட்டியிருந்தா?"

"இப்ப நாம பேசிட்டிருக்க மாட்டோம்."

டீச்சர் முகத்தைப் போர்வையில் புதைத்துக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொடுத்து, அவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். அவள்மேலும் வழக்கு உண்டு, மறைக்கமுடியாது என்றாள். ஆனால் மழைக்காலத்தில் அவள் ஸ்டேஷனுக்கு வந்ததும் அந்த வழக்கில் சேரும். அவளைத் திருப்பி அனுப்பியவரும் கூண்டில் ஏறிப் பதில் சொல்லவேண்டும்.

டீச்சர் தலையாட்டினாள். பயம் போகவில்லை. ஆனால் அவள் கதவுப் பக்கம் பார்ப்பதை நிறுத்தியிருந்தாள்.

வெளியே வராந்தாவில் வாகன ஆய்வாளர் காத்திருந்தார். அவருக்குப் பேச்சு திரும்பி வந்திருந்தது.

"பிரேக் அந்தம்மா வேலை, சக்கரம் அந்தாளு வேலை. கல்யாணமான நாள்லேர்ந்து ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சது இந்த ஒரு வண்டிதான் மேடம்!"