பதிவு விளக்கு

“நேற்றிரவு வெகுநேரம் குறட்டை விட்டீர்கள். நடுவில் ஒருமுறை ‘கொசு, கொசு’ என்று கத்தினீர்கள். டைட்டனில் கொசு கிடையாது” என்று செவிலி வழக்கம்போலக் காலை அறிக்கையை வாசித்தது. தைரியநாதன் பல் துலக்கிக்கொண்டே தலையாட்டினான்.

சனிக் கோளின் நிலவான டைட்டனில் வீட்டுக்கு ஒரு செவிலி உண்டு. சுவருக்குள் குடியிருக்கும் செயற்கை மூளை அது. எந்த மூலையில் காற்று கசிந்தாலும் அந்த மெல்லிய சீறலைப் பிடித்தாக வேண்டும் என்பதால், வீட்டில் எழும் எல்லாச் சத்தத்தையும் இரவு பகல் பாராமல் பதிந்துகொண்டே இருக்கும். சண்டை, கொஞ்சல், குளியலறைப் பாட்டு, ஒன்றும் தப்பாது. யாரும் அதைப் பற்றி அலட்டிக்கொள்வதில்லை. மூச்சுக்காற்று வேண்டுமென்றால் வெட்கத்தைக் கழற்றி வைத்துவிட வேண்டியதுதான்.

தைரியநாதனின் கவலை வேறு. அவன் மனைவி அமலி, மேலே சுற்றிக்கொண்டிருந்த கப்பலில் மாலுமி. அன்று மாலை அவளைத் துயிற்பேழையில் படுக்கவைத்து மூடிவிடுவார்கள். ஒன்பது வருட நெடுந்துயில். அத்தனை காலமும் மூளை முழுதாக அணைந்துவிடாமலிருக்க, பேழைக்குள் ஒரே ஒரு ஒலித்துண்டு திரும்பத் திரும்ப ஓடும். துயிலொலி என்பார்கள். அதை வீட்டு மனிதர்களே பதிந்து அனுப்ப வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். பெரும்பாலானவர்கள் பேசி அனுப்புவார்கள். தைரியநாதனுக்கு அன்பாகப் பேசுவதென்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். காற்றுக்குழாய் மெக்கானிக்கான அவன், காளான் நாரில் அச்சிட்ட கிதார் ஒன்றை வாங்கி, செவிலியிடமே பாடம் கேட்டு, சில மாதங்களாக ஒரே ஒரு சின்ன மெட்டைப் பழகியிருந்தான். நடுவில் வரும் எஃப் கார்டு என்ற சுரக்கூட்டுக்கு மட்டும் ஒரு விரலால் ஆறு கம்பிகளையும் சேர்த்து அழுத்த வேண்டும். அதுவும் இப்போது கைக்கு வந்திருந்தது.

“பதிவு செய்” என்றான். சுவரில் பதிவு விளக்கு செக்கச்செவேலென்று எரிந்தது.

அவ்வளவுதான். விரல்கள் மரக்கட்டையாகிவிட்டன. முதல் கார்டே மூக்கடைத்த குரலில் வந்தது. எஃப் கார்டு வரவே இல்லை.

“என்ன செய்யுது எனக்கு? நேத்து நல்லாத்தான வாசிச்சேன்?”

“மிக நன்றாக வாசித்தீர்கள்” என்றது செவிலி.

தண்ணீர் குடித்தான். மூச்சை இழுத்து விட்டான். விளக்குக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். பிறகு தன் சட்டையைக் கழற்றி விளக்கின் மேல் மாட்டினான். சட்டைக்குள்ளிருந்தும் அது சிவப்பாக முறைத்தது.

“எனக்கு ஒன்று புரியவில்லை” என்றது செவிலி. “உங்களை நான் எப்போதும் பதிந்துகொண்டுதானே இருக்கிறேன்?”

“அது சும்மா. இது ரெக்கார்டிங். இன்னிக்கு ஒரு இடத்துல தப்பா வாசிச்சேன்னு வையி, ஒன்பது வருஷம் அவ காதுல தப்பாவே வாசிச்சுக்கிட்டு கெடப்பேன்!”

மதியம் தாண்டியும் ஒரு முறைகூட முழுதாக வாசிக்க முடியவில்லை. மேலிருந்து கப்பலின் நினைவூட்டல் வந்தது. பேழையை மூட அதிக நேரமில்லை.

“விளக்க அணைச்சுரு” என்றான் தைரியநாதன். “எனக்கு முடியாது. எதுவும் இல்லாம தூங்கட்டும், பாவம்.” சட்டைக்குள் விளக்கு அணைந்தது.

அப்போதுதான் கூரையில் முதல் துளி விழுந்தது.

டைட்டனில் மழை வருஷக்கணக்கில் வராது. வந்தால் ஊரே வேலையைப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடும். ஆரஞ்சு வானத்திலிருந்து மீத்தேன் துளிகள் சுண்டைக்காய் பருமனில், துளிகூட அவசரமில்லாமல், மிதந்து மிதந்து இறங்கின. ஒவ்வொரு துளியும் வருவதைக் கண்ணால் தொடர முடிந்தது. இத்தனை பெரிய வானம் இத்தனை மெதுவாகக் கீழே வருவதைப் பார்த்துத் தைரியநாதன் வாய் பிளந்து நின்றான். எத்தனையோ கோடி மைல் தள்ளி வந்து, ஒரு சிறு குழாய் வீட்டுக்குள் தான் நிற்பது நினைவுக்கு வந்து மெய்சிலிர்த்தது. கை தானாகக் கிதாரை எடுத்தது. கூரையில் விழும் சத்தத்துக்கு இசைவாக அந்த மெட்டை வாசித்தான். எஃப் கார்டு மணிபோல ஒலித்தது. கடைசிக் கம்பியின் அதிர்வும் அடங்கியது.

“அய்யோ! விளக்கு எரியலையே!” என்று அலறினான்.

“அதனால் என்ன? பதிந்துவிட்டேன்” என்றது செவிலி. “நீங்களும் அமலியும் இந்த வீட்டுக்குள் முதன்முதலாக நுழைந்து ‘கூரை தாழ்வா இருக்கே’ என்று சொன்னதிலிருந்து எல்லாமே இருக்கிறது.”

அவன் சுவரைத் தடவிப் பார்த்தான். அவள் சிரித்த சிரிப்பெல்லாம் இந்தச் சுவருக்குள் அப்படியே இருக்கிறது!

“அப்போ அந்த விளக்கு எதுக்கு?”

“விளக்குக்கும் பதிவுக்கும் சம்பந்தம் இல்லை. முதலில் குடியேறியவர்கள், பதிவு நடக்கும்போது விளக்கு எரிய வேண்டும் என்று கேட்டார்கள். எப்போதும் எரியவிட்டோம். ஊரே ஊமையாகிவிட்டது. யாரும் சிரிக்கவில்லை, சண்டைகூடப் போடவில்லை. அணைத்தோம். எல்லோரும் நிம்மதியாகப் பேச ஆரம்பித்தார்கள். பதிவு நின்றுவிட்டதா என்று ஒருவரும் கேட்கவில்லை. யாராவது ‘பதிவு செய்’ என்றால் மட்டும் மரியாதைக்காக எரிய விடுகிறோம்.”

வாதாட நேரமில்லை. மழையோடு சேர்ந்த அந்த வாசிப்பு மேலே போனது. சற்று நேரத்தில் அமலியின் குரல் கேட்டது.

“ஏங்க, கடைசியில ‘அய்யோ’ன்னு ஒரு சத்தம் வருதுல்லா, அத வெட்டிராதீங்க. அது இருந்தா நீங்க பக்கத்துலயே இருக்க மாதிரி இருக்கும். வரட்டுமா?”

“ம்” என்றான். பேழை மூடிக்கொண்டது.

மழை இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. தைரியநாதன் கிதாரைக் கீழே வைத்தான். விளக்கின் மேல் தொங்கிய சட்டையை லேசாக விலக்கிப் பார்த்தான்.

“விளக்கு அணைஞ்சுதான இருக்கு?”

“அணைந்துதான் இருக்கிறது” என்றது செவிலி.

அதன் பிறகுதான் அவன் வாய்விட்டு அழுதான்.