துரை படுத்திருக்கும் மண்

திங்கட்கிழமை காலையில் ஈரத்துணியால் துரையின் கையைத் துடைத்தபோது நகங்களுக்கடியில் கறுப்பாக மண் ஏறியிருந்ததைச் செல்வலட்சுமி பார்த்தாள். முந்தின நாள் சாயங்காலம்தான் பழைய பல்பிரஷ்ஷை வைத்து ஒவ்வொரு விரலாகத் தேய்த்துவிட்டுப் போயிருந்தாள். ஃபைபரில் செய்த கை. ஃபைபரில் செய்த நகம். இரவெல்லாம் பூட்டிக் கிடந்த அறையில் அது எதைத் தோண்டியிருக்கும்?

மறையூரிலிருந்து மூணாறு போகும் ரோட்டில், தேயிலைச் சரிவு தொடங்குகிற வளைவில் இருந்தது, சுற்றுலா வருகிறவர்களுக்காக ஜோமோன் நடத்தும் பேய் பங்களா. பழைய தேயிலைக் கிட்டங்கியை ஆறு அறைகளாகத் தடுத்து, ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். வெளியே வெயில் காய்ந்தாலும் உள்ளே இருட்டுதான். கடைசி அறையில் ஒரு சவப்பெட்டி. ஆட்கள் தடுப்புக் கயிற்றுக்குப் பக்கத்தில் வந்ததும் மோட்டார் மூடியைத் தூக்கும். உள்ளே படுத்திருக்கும் ரத்தக்காட்டேரி பொம்மை எழுந்து உட்கார்ந்து சிரிக்கும். கறுப்பு அங்கி, சிவப்பு உள்துணி, படிய வாரிய தலை, இரண்டு கோரைப்பல். அவன் யார், எந்தத் தேசத்தான் என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உடுமலையிலிருந்து வருகிற மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூட பிளாஸ்டிக் பல்லை மாட்டிக்கொண்டுதான் வேனிலிருந்து இறங்கும். எஸ்டேட் ஆட்கள் அவனுக்கு வைத்த பெயர் துரை. வெள்ளை முகத்தோடு கோட்டு மாட்டிக்கொண்டு ஆள் ரத்தம் குடிக்கிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று முதலில் கேட்டவன் சுடலைமணி.

சுடலைமணி அவள் புருஷன். துரையின் முகமும் அவனுடையதுதான்.

பங்களா கட்டும்போது மர வேலைக்குச் சுமை தூக்கப் போனவனை, பொம்மை செய்ய வந்த ஆள் பார்த்துவிட்டான். நீண்ட முகம், எலும்பு தெரியும் கன்னம், ஆறடி உயரம். மூக்கில் இரண்டு குழாயைச் செருகி, முகத்தில் பிளாஸ்டர் மாவை அப்பி, முக்கால் மணி நேரம் அசையாமல் படுக்க வைத்து அச்செடுத்தார்கள். பாதிப் புருவம் மாவோடு போய்விட்டது. அந்தக் கோலத்தில் எஸ்டேட் ஆட்களின் வரிசை வீடான லயத்துக்கு வந்து, வாசலில் நெஞ்சை நிமிர்த்தி நின்றான்.

"எந்திரிச்சு நில்லுடி, துரை வாராரு!"

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு இருதயம்மாள் எட்டிப் பார்த்தாள்.

அடுத்த ஆகஸ்டில் மலை சரிந்தது. அண்ணன் அழகுமலையின் பிள்ளைக்குக் காது குத்து என்று அவளும் மகள் இந்துவும் மறையூர் போயிருந்தார்கள். காலையில் தேயிலை ஃபேக்டரி ஷிஃப்ட் இருந்ததால் அவன் போகவில்லை. விடிந்தபோது லயம் இருந்த இடத்தில் சிவந்த மண் மட்டும் நீளமாக இறங்கிக் கிடந்தது. புதைந்த பதினோரு பேரில் பத்துப் பேரை எடுத்தார்கள். சுடலைமணி மட்டும் கிடைக்கவில்லை. பதினெட்டு நாள் தேடிவிட்டு மெஷின்களைத் திருப்பிக் கொண்டுபோனார்கள்.

"தர்ப்பையில உருவம் செஞ்சு எரிச்சிருவோம் தங்கச்சி. எத்தன நாளைக்கு அவரு அந்தரத்துல நிப்பாரு?" என்றான் அழகுமலை.

"அவர நான் பாக்கணும்ணே. பாக்காம தாலியக் கழட்ட மாட்டேன்."

அவளிடம் ஒரு போட்டோகூட மிஞ்சவில்லை. ஜோமோனிடம் போய்க் கூட்டித் துடைக்கும் வேலை கேட்டாள். தினமும் காலையில் ஆள் வருவதற்கு முன்னால் அந்த மூடியைத் திறந்து, வெள்ளைச் சாயத்துக்கு அடியிலிருந்த கன்னத்தைத் துடைத்தாள். உதட்டில் வழிந்த சிவப்பைச் சரிசெய்தாள். முடியைக் கலைத்து, அவன் வாருகிற மாதிரி இடப்பக்கம் வகிடு எடுத்து ஒரு நிமிஷம் பார்ப்பாள். பிறகு படிய வாரிவிடுவாள்.

இந்து ஒரே ஒரு தடவைதான் உள்ளே வந்தாள். ஒன்பது வயது. பெட்டிக்குள் பார்த்தாள், அழவில்லை.

"அது அப்பா இல்லம்மா. அப்பா மூஞ்சியத் திருடிக்கிட்டான்."

அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் விட்டு வந்தால், டிக்கெட் கொடுக்கும் பின்சியின் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். ஐந்து மணி பஸ்ஸில் இரண்டு பேரும் மறையூருக்குத் திரும்புவார்கள்.

அடுத்த ஜூன் மாதம் சுற்றுலா வந்த ஒரு பிள்ளை, பெட்டிக்குள் மெத்தையைப் பார்த்துவிட்டுக் கேலி செய்தது. கதையில் இவன் சொந்த ஊர் மண்ணில்தானே படுப்பான், மண் எங்கே என்று கேட்டது. கூட வந்தவர்கள் சிரித்ததில் ஜோமோனின் முகம் சுருங்கிவிட்டது. இரண்டு நாளில் ஜீப்பில் பதினாலு சாக்கு மண் வந்து இறங்கியது.

செல்வலட்சுமிதான் அள்ளிப் போட்டாள். மூன்றாவது சாக்கில் உள்ளங்கை அளவு சுவர்க் காரை ஒன்று கையில் தட்டுப்பட்டது. ஒரு பக்கம் பச்சை. ஃபேக்டரி மெஷினுக்கு அடிக்கிற பச்சை. மிச்சப் பெயின்ட்டைக் கொண்டுவந்து பொங்கலுக்குத் தங்கள் வீட்டுச் சுவரில் சுடலைமணி அடித்த அந்தப் பச்சை, எந்த லயத்திலும் வேறு எந்தச் சுவரிலும் இல்லாதது.

"இந்த மண்ணு எங்கருந்து வந்துச்சு?"

"ரோட்டோரம் கூட்டி வச்சது சேச்சி. ஜேசிபிக்காரன் தந்தான்."

"எந்த ரோடு?"

ஜோமோன் காலிச் சாக்கு ஒன்றை எடுத்து உதறி மடித்தான். "போன வருஷம் மலை சரிஞ்ச மண்ணுதான். ஞான் அத யோசிச்சில்ல சேச்சி, சத்தியமா. மாத்திடட்டா?"

"வேண்டாம்," என்றாள்.

காரையை மடியில் முடிந்துகொண்டாள். அன்றிலிருந்து தினமும் ஒரு பிடி மண்ணை எடுத்து விரல்களுக்கிடையே சலித்தாள். ஒரு பல், ஒரு எலும்புத் துண்டு, சட்டைப் பொத்தான், எதுவானாலும் போதும் என்று நினைத்தாள். தேயிலை வேர்தான் வந்தது.

பெட்டியின் மோட்டார் முனக ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். துரை எழுந்து உட்கார முன்பைவிட நேரமெடுத்தது. பாரம் கூடிவிட்டது என்று மெக்கானிக் சொன்னான், எதனால் என்று அவனுக்குத் தெரியவில்லை. அறையில் ஈரமண் வாடையோடு, மழையில் நனைந்த சட்டையை அடுப்பு மேல் காயப்போட்டால் வருமே, அந்த வாடையும் சேர்ந்துகொண்டது. கன்னத்தைத் துடைத்த துணி சொரசொரப்பில் சிக்கி நூல் இழுத்தது. சுடலைமணிக்குக் காலையில் சவரம் செய்தால் மத்தியானத்துக்குள் முளைத்துவிடும். அவள் துணியை மடித்து வைத்துவிட்டு அந்தக் கன்னத்தை வெறும் கையால் தொட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மண்ணை அள்ளிக் கொட்டிவிடுவார்கள்.

பிறகுதான் அந்தத் திங்கட்கிழமை. நகத்தில் மண். செவ்வாய்க்கிழமையும். புதன்கிழமை வலது கை நகம் இரண்டு பிய்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே மழை கொட்டியது. ஒரு வண்டியும் நிற்கவில்லை. ஜோமோன் மத்தியானமே வீட்டுக்குப் போய்விட்டான். நாலரை மணிக்கு, கடைசி அறையை அவள் கூட்டிக்கொண்டிருந்தபோது, தகரக் கூரையில் மழைச் சத்தம் கல் கொட்டுகிற மாதிரி பெருத்தது; சிவப்பு விளக்கு ஒருமுறை துடித்து அணைந்தது.

"சேச்சீ, கரண்டு போச்சு! வெளிய வந்துடுங்க!" டிக்கெட் கவுன்டரிலிருந்து பின்சி கூப்பிட்டாள்.

"வாரேன்."

போன் வெளிச்சத்தைத் தரையில் வைத்துத் துடைப்பத்தைச் சாத்தினாள். அப்போது பெட்டிக்குள் சத்தம் கேட்டது. எலி இல்லை. எலி இவ்வளவு நிதானமாகச் சுரண்டாது. ஒரு இழுப்பு. ஒரு நிறுத்தம். மூச்சு வாங்க நிற்கிற மாதிரி ஒரு நிறுத்தம். மறுபடி ஒரு இழுப்பு.

மூடியை இரண்டு கையாலும் தூக்கினாள்.

துரை எப்போதும் போலப் படுத்திருந்தான். வாய் மூடியிருந்தது. சத்தம் அவனுக்கும் கீழேயிருந்து வந்தது.

"ஏங்க," என்றாள். தன் குரலே அவளுக்கு அந்நியமாகக் கேட்டது. "ஏங்க, நீங்களா?"

சுரண்டல் நின்றது.

"செல்வி." அடைத்துப்போன குரல். ரொம்பத் தூரத்தில், ரொம்ப ஆழத்தில். "பாரமா இருக்குடி. மண்ண எடு."

அவள் ஓடவில்லை. பயம் இருந்தது. ஆனால் ஒரு வருஷமாக அவர் அதற்குள் கிடக்கிறார். ஒரு வருஷமாகத் தோண்டுகிறார். பொம்மையை ஓரமாகப் புரட்டித் தள்ளிவிட்டுக் கையாலேயே அள்ள ஆரம்பித்தாள். இரண்டு பக்கமும் வாரிக் கொட்டினாள். பெட்டியின் ஆழம் ஒன்றரை அடி. அவளே நிரப்பியது. முழங்கை வரை போனது. பலகை தட்டுப்படவில்லை. தோள் வரை போனது. பலகை இல்லை. மண் மட்டும். குளிர்ந்த, நெகிழ்ந்த, இறங்கிக்கொண்டே போகிற மண். நாடி மண்ணில் பதிய, கன்னம் பதிய, இன்னும் கையை நீட்டினாள்.

விரல்கள் தட்டுப்பட்டன.

நகம் இல்லாத விரல்கள். தேய்ந்துபோன விரல்கள். அவள் கையைப் பற்றிக்கொண்டன. காய்ப்பேறிய உள்ளங்கை. சூடு. அந்தச் சூட்டை அவளுக்குத் தெரியும். கண்ணீர் மண்ணில் இறங்கியது.

"பிடிச்சுட்டேங்க. மேல வாங்க. வாங்க."

இழுத்தாள். வரவில்லை. பிடி மட்டும் இறுகியது. பிறகு, மெதுவாக, அந்தப் பக்கமிருந்து இழுப்பு. முரட்டுத்தனமில்லை. பாயில் பக்கத்தில் வந்து படு என்று இழுப்பானே, அப்படி.

கரண்டு வந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. ஸ்பீக்கரில் சிரிப்பு. அவளுக்குப் பக்கத்தில் துரை எழுந்து உட்கார்ந்தான், லேசாக, ஒரு முனகலும் இல்லாமல். அவனுக்கு முகம் இல்லை. சுடலைமணியின் மூக்கும் கண்ணும் வாயும் இருந்த இடம் முட்டை ஓடு மாதிரி வழவழவென்று இருந்தது.

"அம்மா!" வெளியே, மழைக்குள்ளிருந்து இந்துவின் குரல். "அம்மா, பஸ் வந்துருச்சு! வாங்கம்மா!"

இடது கையால் பெட்டியின் விளிம்பைப் பிடித்தாள். மண்ணுக்கடியிலிருந்த பிடி அவள் வலது கையை விடவில்லை. விடச் சொல்ல அவளாலும் முடியவில்லை. பஸ் ஹாரன் இரண்டு தரம் அடித்தது.

"அம்மா!"

வாரேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. உதட்டிலிருந்து ஈரமாக, சிவப்பாக மண் கொட்டியது.