புளி போட்டுத் தேய்த்த பொத்தான்

பித்தளையைக் கண்டால் ஜோவிதாவின் கை புளியைத் தேடும். சனிக்கிழமைதோறும் அம்மாவோடு சர்ச்சின் மெழுகுவர்த்தி ஸ்டாண்டுகளைத் தேய்த்துப் பழகிய கை.

இன்று ஸ்டாண்டுகளோடு அந்தப் பழைய பொத்தானையும் தேய்த்துவிட்டாள்.

பொத்தான் பளபளத்தது. அதிலிருந்த படம் மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை.

காலையில் ஜீவனஹள்ளி மைதானத்தில், தோழி தாரணியின் சித்தப்பா கொண்டுவந்த மெட்டல் டிடெக்டர் கீச்சிட்டது. தோண்டினால் இந்தப் பொத்தான்.

"மண்ணோடயே இருக்கட்டும். தேய்ச்சா படம் போயிடும். அப்புறம் யாரோடதுன்னே தெரியாது" என்றார் சித்தப்பா.

"ஏதோ ஜெனரலோடதுதான்!" என்றாள் தாரணி. ஒருநாள் வைத்துக்கொள்ளச் சொல்லி, ஜோவிதாவிடம் கொடுத்தாள்.

"ஜோவி! பட்டன் எங்க?"

வாசலில் தாரணி. தொலைந்துவிட்டது என்று சொல்லிவிடலாமா?

ஜோவிதா கையை விரித்துக் காட்டினாள்.

"ஐயோ! என்னடி பண்ண?"

"புளி போட்டு..."

"இது என்ன ரசமா?" தாரணியின் கண்கள் நிறைந்தன. "போ, உன்கூட டூ!"

ஜோவிதா ஓடிப்போய்த் தாளும் பென்சிலும் எடுத்துவந்தாள். பொத்தான் மேல் மெல்லிய தாளை வைத்தாள். பென்சிலைச் சாய்த்து மெல்லத் தேய்த்தாள். ஒரு வளைவு தெரிந்தது.

"பாம்பா?" டூ விட்டதை மறந்து தாரணி எட்டிப் பார்த்தாள்.

"இல்ல, டிரம்பெட்."

"ஜெனரல் டிரம்பெட் ஊதுவாரா?"

ஜோவிதா துள்ளி எழுந்தாள். "இதை நான் பாத்திருக்கேன். வாடி!"

தெருமுனையில் அப்பாதுரையின் பேண்டு செட் கடை. கல்யாண ஊர்வலத்துக்காக அவர் சிவப்புக் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார். வரிசையாகப் பித்தளைப் பொத்தான்கள். நடுவில் மட்டும் ஓர் ஊக்கு.

தாரணி பொத்தானை நீட்டினாள். அவர் அதைக் கோட்டுப் பொத்தான்களோடு சேர்த்துவைத்துப் பார்த்தார்.

"எங்க தாத்தா கோட்டும்மா இது! எனக்குத் தெரிஞ்சு இங்க ஊக்குதான்." பொத்தானைத் திருப்பினார். "எதைப் போட்டுத் தேய்ச்சீங்க?"

ஜோவிதா உண்மையைச் சொன்னாள். "புளி, அங்கிள்."

"நானும் அதேதான். பாரு, என் பட்டன்லயும் பாதிப் படம் காணோம்!"

ஜோவிதா தாரணியைப் பார்த்தாள். அது தாரணியின் பொத்தான்; கொடுப்பதும் மறுப்பதும் அவள் இஷ்டம்.

தாரணி மூக்கை உறிஞ்சினாள். "ஊசி நூல் இருக்கா, அங்கிள்? சித்தப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

ஜோவிதா தைத்தாள்.

மாலையில் ஊர்வலம் அவர்கள் தெரு வழியாக வந்தது. முன்னால் அப்பாதுரை. நடுவில் ஊக்கு இல்லை.

தாரணி ஜோவிதாவை முழங்கையால் இடித்தாள்.

"ஜெனரல் வராருடி. சல்யூட் அடி!"