திரையோரத்துப் பொட்டு

“நீயும் என்கூட வந்திருந்தா உனக்கும் ஒண்ணு குடுத்திருப்பாங்க இல்லடி?”

பன்னிரண்டாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு சுகன்யா அப்படிக் கேட்டாள். குத்திக்காட்டவில்லை, ஆசையில்தான் கேட்டாள். ஆனால் பத்தாவதில் கணக்கில் தோற்று, படிப்பை நிறுத்தி, வீட்டில் பட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்த பரிமளாவுக்கு முகமெல்லாம் எரிந்தது. பதில் சொல்லாமல் எழுந்து போனவள், அந்த வீட்டு வாசலை மறுபடி மிதிக்கவே இல்லை. போன ஆடியில் சுகன்யா மஞ்சள் காமாலையில் இறந்தபோதும் கூட்டத்தின் பின்னால் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாள்.

இப்போது அதே லேப்டாப், போளூர் பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் ராஜ்குமாரின் ரிப்பேர் கடையில் விற்பனைக்குக் கிடந்தது. திரையோரத்தில் வரிசையாக மெரூன் ஸ்டிக்கர் பொட்டுகள்.

“கண்ணாடின்னு நெனச்சுகினு ஒட்டி வெச்சிருக்கு பாரு அந்தப் பொண்ணு,” என்று ராஜ்குமார் நகத்தால் ஒவ்வொன்றாகச் சுரண்டினார்.

படுக்கப் போகுமுன் பொட்டை எடுத்துக் கைக்கு எட்டியதில் ஒட்டுவாள் சுகன்யா. ஒருமுறை பரிமளாவின் கன்னத்தில்கூட ஒட்டியிருக்கிறாள்.

“வாங்கலாமாண்ணா?” என்றாள் பரிமளா.

“இப்படியேன்னா வேணாம்மா. இது தொறக்கறதுக்குள்ள ஒரு டீ குடிச்சிட்டு வந்துடலாம். பேட்டரி வேற உப்பிப்போச்சு, கழட்டிட்டேன். புதுசு வர்ற வரைக்கும் கரண்ட்டுலதான் ஓடும். ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிட்டு எஸ்எஸ்டி போட்டு, ரேமும் ஏத்திட்டா டிசைன் சாஃப்ட்வேர் ஜல்தியா ஓடும்.”

அதுதான் அவளுக்கு வேண்டும். திங்கட்கிழமை சொந்த லேப்டாப்போடு வந்தால் சேலை பார்டர் வரைகிற வேலை என்று ஜவுளிக்கடை வேணுகோபால் சொல்லியிருந்தார். வராவிட்டால் வேறு பெண். பிறகு காலமெல்லாம் நூல் சுற்ற வேண்டியதுதான்.

“பழைய டிஸ்க்கை உடைச்சிடச் சொல்லிட்டாரு அந்தப் பொண்ணோட அப்பா. ஏதாச்சும் எடுத்து வெக்கணுமா?”

திரையில் ஒரே ஒரு ஃபோல்டர் இருந்தது. ‘பரிமளாவுக்கு.’

அவள் கை மவுஸ் வரை போய் நின்றது. திட்டி எழுதியிருப்பாளோ? அதை இவர் முன்னால் எப்படித் திறப்பது?

“வேணாம்ண்ணா. மாத்திடுங்க.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வீட்டில் யாருமில்லை. தெரு முழுக்க விசைத்தறிகள் தடதடத்துக்கொண்டிருந்தன. பாயில் உட்கார்ந்து லேப்டாப்பைப் போட்டாள். கண் இமைக்கும் நேரத்தில் திறந்தது. துடைத்து வைத்த மாதிரி வெறும் திரை.

கரண்ட் போனது.

எல்லாத் தறிகளும் ஒரே சமயத்தில் நின்றன. மின்விசிறி கடைசிச் சுற்றுச் சுற்றி அடங்கியது.

திரை அணையவில்லை.

வயரைப் பிடுங்கினாள். திருப்பிப் பார்த்தாள். பேட்டரி இருக்க வேண்டிய இடம் வெறும் பள்ளமாக இருந்தது.

திரை அணையவில்லை.

அரைத்த கீழாநெல்லியின் பச்சை வாசனை மெல்லப் பரவியது. சுகன்யா இறந்த அன்று கூட்டத்தின் பின்னால் வரை வந்த அதே வாசனை.

“பத்தாவது கணக்கு, மொதல் பாடம்,” என்றது ஸ்பீக்கரில் ஒரு குரல். “நிதானமா சொல்றேன் பரிமளா. புரியலன்னா மறுபடியும் போட்டுக் கேளு. பிரைவேட்டா எழுதிடலாம்டி.”

அடுத்த பாடம். அதற்கடுத்தது. குரல் பாடத்துக்குப் பாடம் மெலிந்தது.

“இன்னிக்கு முடியலடி… கோவம் போச்சுன்னா வாயேன்.”

திறந்துகூடப் பார்க்காமல் அவள் உடைக்க விட்டது இதைத்தானா?

பக்கத்தில் பாய் அமுங்கியது. பரிமளா திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

“வந்திருக்கலாம்டி,” என்று கிசுகிசுத்தாள். “வெக்கமா இருந்துச்சு. கோவமெல்லாம் இல்ல… ஏதாச்சும் சொல்லுடி.”

குரல் நின்றது. திரை இருண்டது. இருண்ட திரையின் ஓரத்தில் ஒரு மெரூன் பொட்டு. தொட்டாள். இப்போதுதான் நெற்றியிலிருந்து எடுத்ததுபோல் வியர்வை ஈரம்.

பாய் மெல்ல நிமிர்ந்தது. கொலுசுச் சத்தம் அவளைக் கடந்து வாசற்படி வரை போனது. வாசல் திரைச்சீலை விலகி, மறுபடி விழுந்தது.

அன்றைக்குப் பரிமளா எழுந்து போன மாதிரியே, ஒரு வார்த்தை பேசாமல்.