அழுகிறவருக்கு ஒரு டீ

காலையில் எழுந்தபோது தலையணை நனைந்திருந்தது. வியர்வை ஈரம் இல்லை. கன்னம் படும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, பிழிந்தால் சொட்டும் என்பது போன்ற ஈரம். அவள் கண்களைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்து கிடந்தன. நான்கு மாதமாக அவை அப்படித்தான் இருக்கின்றன.

கணவர் பக்கத்தில் உட்கார்ந்து தலையணையைத் தடவிக்கொண்டிருந்தார். பஸ் ஓட்டுகிறவர், காலை ஷிப்டுக்குக் காக்கிச் சட்டை மாட்டியாகிவிட்டது.

"அழுதியா?" என்று கேட்டார். பயந்து கேட்கவில்லை, ஆசையாகக் கேட்டார்.

"ஆமா" என்றாள்.

சொன்னதும் அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்தபின், பொய் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. "இரு, டீ போட்டுத் தரேன்" என்று வேகவேகமாக அடுக்களைக்குப் போனார்.

அது அவர்களுடைய ஏற்பாடு. மகள் சுண்டு பத்து வயதில், நான்கே நாள் காய்ச்சலில் போன பிறகு, இருவரும் சேர்ந்து உட்கார்ந்து அழுததில் அடுப்பில் பால் கருகி வீடே புகைமூட்டமானது. அன்றைக்கே ஒப்பந்தம் போட்டார்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தான் அழ வேண்டும், மற்றவர் டீ போட வேண்டும். இதற்குச் சண்டைகூட வரும். "நேத்தும் நீங்கதான அழுதீங்க, இன்னிக்கு நான்" என்பாள். சொல்லிவிட்டுச் சிரிப்பாள், சிரிப்பு பாதி வழியில் அழுகையாகிவிடும். அவர் எழுந்து போய்ப் பாத்திரத்தை அடுப்பில் வைப்பார். அந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் அவர்கள் புருஷன் பெண்டாட்டியாக மிஞ்சினார்கள்.

பிறகு அவளால் படுக்கையை விட்டு எழவே முடியாமல் போனது. குளியல் இல்லை, சாப்பாடு இல்லை. டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்தார். "வாய் காயும், கை நடுங்கும், சம்பந்தமில்லாம கொட்டாவி வரும். பழகிடும். சிலருக்கு அழுகை நின்னு போகும். அப்படி இருந்தா மறைக்காம சொல்லுங்க, அளவ மாத்திப் பாக்கலாம். நீங்களா மட்டும் நிறுத்திடாதீங்க." மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்தால் போர்வை நீளத்துக்கு வந்தது. இத்தனையும் வந்தால் மாத்திரை போட ஆள் மிஞ்சுமா என்று அவளே கேலி பேசினாள்.

மாத்திரை வேலை செய்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எழுந்தாள், தலைக்குக் குளித்தாள், கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலைக்குத் திரும்பினாள். நடுங்கும் கையோடு முதல் வாரம் மூன்று லென்ஸ்களின் விளிம்பை உடைத்தாள். முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டார். நடுக்கம் நின்றது. அழுகை மட்டும் திரும்பவில்லை. சுண்டுவின் படத்துக்கு முன்னால் நின்றால் கொட்டாவி வந்தது. பெற்ற பிள்ளையின் படத்தைப் பார்த்துக் கொட்டாவி விடுகிறவள் என்று தன்னைத்தானே வெறுத்தாள். ஆனாலும் டாக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் மாத்திரையைக் குறைப்பார்கள், குறைத்தால் மறுபடியும் அந்தப் படுக்கை என்று பயந்தாள்.

அன்று கடைக்கு விடுமுறை. மதியம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு மிக்ஸி ஓய்ந்து, தெருவில் போன வண்டியின் சத்தமும் தேய்ந்து, சுவர்க் கடிகாரம் மட்டும் கேட்கிற அந்த வெறும் நேரத்தில், குளியலறைக்குள்ளிருந்து அழுகை வந்தது. துண்டை வாயில் அடைத்துக்கொண்டு, மூச்சு முட்டும்போது மட்டும் வெளியே விடுகிற அழுகை. அவர் சீக்கிரம் வந்துவிட்டார் போல என்று நினைத்தாள். முறைப்படி எழுந்து டீ போட்டாள். இரண்டு டம்ளரில் ஊற்றிவிட்டுக் கதவைத் தட்டினாள்.

"டீ வச்சிருக்கேங்க."

அழுகை விக்கலாகக் குறைந்து நின்றது. அதே நேரம் வாசல் பூட்டில் சாவி திரும்பியது. காக்கிச் சட்டையும் தோள் பையுமாக அவர் உள்ளே வந்தார்.

குளியலறைக் கதவைத் தள்ளினாள். தாழ் போடவில்லை. உள்ளே யாரும் இல்லை. தரை காய்ந்திருந்தது, குழாய் இறுக மூடியிருந்தது. கொக்கியில் தொங்கிய அவளுடைய துண்டு மட்டும் முகம் படும் உயரத்தில் நனைந்திருந்தது. சுண்டு செத்துப்போன அந்த வாரத்தில் வீடு முழுக்க அடைந்து கிடந்த அந்தப் புழுங்கிய வாடை உள்ளே இருந்தது. பயத்தில் நெஞ்சு அடித்துக்கொள்ள வேண்டும். அவளுக்குக் கொட்டாவிதான் வந்தது.

அதற்குப் பிறகு அவர் தேறினார். ஷேவ் செய்துகொண்டார். அவள் தட்டில் அவரே சோறு வைத்தார். ஒரு நாள் சாப்பிடும்போது அவர் சொன்னார்: "நேத்து மத்தியானம் எவ்ளோ நாளைக்கப்புறம் மனசு விட்டுப் பேசுன. அவ முதல் பல்ல மண்ணுல நட்டு வச்சு தண்ணி ஊத்துனத எல்லாம் ஞாபகம் வச்சிருக்க பாரு."

நேற்று அவள் காலையிலிருந்து ஆறு மணிவரை கடையில் இருந்தாள். அதைச் சொல்ல வாயெடுத்தவள், பல் கதையை நினைத்துப் பார்த்தாள். எந்தப் பல்? எந்த மண்? சுண்டுவின் குரலை நினைத்துப் பார்த்தாள். அதுவும் கிடைக்கவில்லை.

"என்ன, ஒரு மாதிரி ஆயிட்ட?"

"ஒண்ணுமில்லங்க."

மறுநாள் கடையிலிருந்து டாக்டருக்குப் போன் செய்தாள். "எனக்கு அழுகை நின்னு நாலு மாசமாச்சு. உங்ககிட்ட மறைச்சுட்டேன். ஆனா எங்க வீட்டுல அழுகை கேக்குது டாக்டர். அவருக்கும் கேக்குது."

டாக்டரம்மா உடனே சொன்னார்: "இன்னிக்கே வாங்க. பயப்படாதீங்க. வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க."

அவரைக் கூட்டிப்போகத்தான் மதியமே வீட்டுக்கு வந்தாள்.

வாசல் கதவு திறந்திருந்தது. கூடத்தில் வெயில். அடுக்களையில் டீ வாசம். உள்ளறையில் அழுகை. பெண் குரல். அவளுடைய குரல்.

கதவு பாதி திறந்திருந்தது.

கட்டிலில் அவர். அவர் தோளில் ஒரு தலை. துவைக்கப் போட்டிருந்த நீல நைட்டி. அவருடைய சட்டை தோளிலிருந்து இடுப்புவரை நனைந்து ஒட்டியிருந்தது. விரிப்பும் நனைந்திருந்தது.

"என்னங்க" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். திடுக்கிடவில்லை. துக்கம் கேட்க வருகிறவர்களைப் பார்க்கும் அந்த அலுத்த மரியாதை முகத்தில் இருந்தது. எழுந்து, பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வாங்க, உக்காருங்க. இவளுக்கு இன்னிக்கு ரொம்ப முடியல."

நான்தாங்க. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. காற்றுதான் வந்தது.

கட்டிலில் இருந்தவள் முகத்தைத் தூக்கினாள். வீங்கிய இமை. சிவந்த மூக்கு. அவளேதான், ஒரு சுருக்கம் மாறாமல். அந்த முகத்தில் கோபம் இல்லை. வந்ததற்கு நன்றி என்பது போல் தலையசைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தாள். ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள், ஊசி போட வந்த நர்ஸம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கம்மாவ வெளிய அனுப்பிடுங்க, அவங்க பயந்துடுவாங்க" என்று குழந்தை சொன்னதாம்.

அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். கட்டிலில் இருந்தவளும் அழுதாள். இருவரும் ஒரே நேரத்தில், கையைக் கோர்த்துக்கொண்டு அழுதார்கள்.

நாற்காலியில் இருந்தவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பாவம், நல்ல குழந்தை போல. இந்த வயதில் எவ்வளவு பக்குவம். ஏதாவது சொல்லாமல் எழுந்து போவது மரியாதை இல்லை என்று தோன்றியது. மடியில் கைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, அவர்கள் மூச்சு வாங்கும்வரை காத்திருந்தாள். பிறகு தணிந்த குரலில் கேட்டாள்.

"குழந்தை பேரு என்னங்க?"