நூற்றி நாற்பத்தொன்றாவது டச்பேட்

விரல் தொடுவதற்கு முன்பே அம்புக்குறி நகர்ந்தது.

ரான் ஷுயே கண்ணைக் கசக்கிக்கொண்டாள். காலையிலிருந்து நூற்றி நாற்பது லேப்டாப். ஒவ்வொன்றின் டச்பேடிலும் ஒன்பது கட்டம் தடவி, இரண்டு தட்டு தட்டி, ‘தேறியது’ என்று குறிக்க வேண்டும். சோங்சிங் தொழிற்சாலையில் ஆறு வருஷமாக இதுதான் அவள் பிழைப்பு. மலிவு லேப்டாப்பின் டச்பேட் எப்படி இருக்குமென்று அவளுக்கா தெரியாது? சொரசொர பிளாஸ்டிக், ஓரத்தில் லொடலொடப்பு, தடவினால் சோம்பேறி மாப்பிள்ளை மாதிரி கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் அசையும். இது அப்படி இல்லை.

“என்னக்கா, உக்காந்துக்கிட்டே தூங்குறீங்களா?” என்றாள் பக்கத்து மேசை டெங் மின். “ஏழு மணிக்கு ரயிலு. இந்த தள்ளுவண்டில இருக்குற லேப்டாப்பெல்லாம் முடியாம மேஸ்திரி ஒருத்தரையும் வெளிய விடமாட்டாரு. பத்து மாசமா புள்ள மூஞ்சியப் பாக்கலன்னு நீங்கதான பொலம்புனீங்க?”

“இது என்னமோ முந்திக்குதுடி.”

“முந்துனா நல்லதுதான! பிந்துனாத்தான் ரிப்பேரு. ஒறையக் கழட்டிட்டு வெறும் வெரலால தேச்சு விடுங்க, சட்டுனு முடியும்.”

ரப்பர் விரலுறை இல்லாமல் தொடக்கூடாது என்பது சட்டம். புத்தாண்டு விடுமுறைக்கு முந்தின நாள் எல்லோரும் கழற்றிவிடுவார்கள். மேஸ்திரியும் கண்டுகொள்ள மாட்டார். சொந்த ஊர் வான்ஜோவில் ஏழு வயது மகள் காத்திருக்கிறாள். அலுப்பு வேறு தோளில் மூட்டையாக உட்கார்ந்திருந்தது. ரானும் கழற்றினாள்.

குழல்விளக்குகளின் முணுமுணுப்பும், ஈயம் உருகும் வாசனையும், மதிய நூடுல்ஸின் காரமிளகு நாக்கில் விட்டுப்போன மரமரப்பும் எப்போதும்போலத்தான் இருந்தன. ஆனால் விரலுக்கடியில் பிளாஸ்டிக் இல்லை, இளஞ்சூடாய், வழுவழுப்பாய், கன்னத்தின் உட்புறம் போல ஏதோ ஒன்று மெல்லக் குழிந்துகொடுத்தது.

முதல் கட்டம். இரண்டாவது. ஒன்பதாவது. போதும் என்று நிறுத்தினாள்.

விரல் நிற்கவில்லை.

மணி அடித்தது. நாற்காலிகள் கரகரத்தன. “அக்கா, வாங்க! ஸ்டேஷன் பஸ்ஸு கெளம்புது!” என்றாள் டெங் மின்.

காப்பாத்துடி என்று கத்தத்தான் வாயைத் திறந்தாள்.

“நீ முன்னாடி போ, வந்துட்டேன்,” என்றது வாய்.

கூடம் காலியானது. இப்போது அடியிலிருந்து ஏதோ அவள் விரல்நுனியைத் தடவியது. நிதானமாக. கட்டம் கட்டமாக. தோள் துள்ளியது. கழுத்து திரும்பியது. அது இரண்டு தட்டு தட்டியது. இமைகள் இரண்டு முறை மூடித் திறந்தன. கொஞ்சம்கூடத் தாமதமில்லை.

திரையில் ‘தேறியது’ என்று விழுந்தது. அவள் அழுத்தவில்லை.

கால்கள் எழுந்தன. கை போனை எடுத்து மகளை அழைத்தது.

“அம்மா, எப்ப வருவ? இன்னிக்கு உன் கையப் புடிச்சிக்கிட்டே தூங்குவேன்.”

“வரேண்டி கண்ணு. விடவே மாட்டேன்.” அவள் குரல்தான். கொஞ்சலும் அவளுடையதுதான்.

கதவைத் திறக்காதே, ஓடிப்போயிடு என்று உள்ளே அவள் அலறிக்கொண்டிருந்தாள். உதடுகள் சிரித்தன. கால்கள் பஸ்ஸை நோக்கி ஓடின.