நாற்பத்திரண்டாம் வகை

மூன்று மணிக்கு மேல் குளிர்சாதனத்தின் ஓசை மாறுகிறது. பெரிய கணினியான மெயின்ஃபிரேம் நிற்கும் அறைக்கு ஜன்னல் கிடையாது. சூடான தூசியின் மணமும், தரைப் பலகைகளுக்கு அடியிலிருந்து கணுக்காலைத் தொடும் குளிரும், ஒரே சுருதியில் இரையும் காற்றும்தான் அங்கே பகல். அந்த இரைச்சலுக்குள் ஒரு வாரமாக மெல்லிய விசில் ஒன்று இழுத்து, நின்று, மறுபடி இழுக்கிறது. மெக்கானிக் இரண்டு முறை வந்து வடிகட்டியைக் கழற்றித் துடைத்தார். "மெஷினுக்கு வீசிங் சார், இன்ஹேலர் வாங்கிக் குடுங்க" என்று சிரித்தார். அவன் சிரிக்கவில்லை.

இயந்திரம் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்ளும் பதிவுகளில் எவற்றைச் சேமிப்பது என்று தேர்ந்தெடுப்பது அவன் வேலை. நூற்றுக்கு மேல் வகைகள். எல்லாவற்றையும் சேமித்தால் டிஸ்க் நாலே நாளில் நிரம்பிவிடும். போன வருடம் அவன் ஒரு வகையை நீக்கினான். நாற்பத்திரண்டு. மெஷினோடு இணைந்த எந்த டெர்மினலில் யார் இருக்கிறார், வந்த செய்தியை யார் எத்தனை மணிக்குத் திறந்தார் என்று கால் மணிக்கு ஒருமுறை எழுதும் வகை. காரணம் கேட்கும் கட்டத்தில் 'இடப் பற்றாக்குறை' என்று போட்டான். பழைய பதிவுகளையும் அழித்தான். யாரும் எதுவும் கேட்கவில்லை.

இன்று மச்சான் கேட்டான். மனைவியின் தம்பி, அதே அலுவலகத்தில் தணிக்கைப் பிரிவு. மூன்றரைக்குக் காகிதத்தோடு வந்து, விதி மாறிவிட்டது, நாற்பத்திரண்டை மறுபடி சேர்க்க வேண்டும் என்றான். இவன் இடமில்லை என்று முனகிப் பார்த்தான். புது டிஸ்க் வந்தாயிற்று என்றான் மச்சான். பிறகு, போகிற போக்கில், கதவைப் பிடித்துக்கொண்டு:

"இது அக்கா போன அன்னைக்கு இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும் மாமா. அம்மா இன்னும் அதையே கேட்டுட்டு இருக்காங்க. மாமா பாத்திருந்தா பறந்து வந்திருப்பாரு, பாக்கலன்னு நான்தான் சொல்லிட்டே இருக்கேன்."

"ம்."

"நாலு மணிக்கு வரேன். முதல் பட்டியலை எடுத்து வைங்க."

அவன் பார்த்திருந்தான். மூன்று நாற்பத்தொன்றுக்கு. அன்று வீட்டிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்த மனைவி அனுப்பிய ஒரே வரி: 'மூச்சு விட முடியல, வாங்க.' காலையில் சண்டை. ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்கு. வீசிங் அவளுக்கு அவ்வப்போது வரும்தான், ஆனாலும் நடிக்கிறாள் என்று நினைத்தான். கொஞ்சம் காத்திருக்கட்டும் என்றுகூட நினைத்தான். செய்தியை மூடிவிட்டு டீ குடிக்கப் போனான். ஆறரைக்கு வீட்டைத் திறந்தபோது அவள் கீபோர்டின் மேல் சரிந்து கிடந்தாள். கன்னத்தில் பொத்தான்களின் சதுரத் தடங்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக அவன் தோளைத் தட்டினார்கள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான்.

வீட்டிலிருந்த அந்த டெர்மினலைக் கழற்றிப் பரணில் போட்டவனும் அவன்தான்.

நாற்பத்திரண்டைச் சேர்த்தான். அழித்தது அழித்ததுதான், இனி வருவது புதியது மட்டுமே. மூன்று நாற்பத்தைந்துக்கு முதல் பதிவுகள் திரையில் வந்தன. பதினோரு வரிகள்.

அலுவலகத்தில் இருப்பது பத்து டெர்மினல்.

பதினோராவது வரியில் அவள் பெயர். இடம்: வீடு. தொடர்ந்து இயங்கிய நேரம்: ஒரு வருடம், இரண்டு மாதம், ஒன்பது நாள். அவள் இறந்தும் அவ்வளவு நாள்தான். அனுப்பிய செய்தி படிக்கப்பட்டது: 3.41. நிலை: பதிலுக்குக் காத்திருக்கிறது. கடந்த கால் மணியில் அழுத்திய பொத்தான்கள்: நானூற்றுப் பன்னிரண்டு.

பதிவை நிறுத்தினால் எழுதுவதுதான் நிற்கும். நடப்பது நிற்காது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் கற்ற பாடம்.

விசில் இழுத்தது. நின்றது. இழுத்தது.

மூன்று ஐம்பத்தெட்டு. நடைபாதையில் செருப்புச் சத்தம். அவளுக்கு அவன் பயப்படவில்லை, அந்த 3.41ஐப் படிக்கும் மச்சானின் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்றுதான் பயந்தான். நாற்பத்திரண்டை நீக்கினான். காரணம்: இடப் பற்றாக்குறை.

திரை காலியானது.

குளிர்சாதனம் நின்றது.

விசில் நிற்கவில்லை. இழுத்தது. அவன் இடது காதுக்கு மிக அருகில்.

மச்சான் கதவைத் திறந்தான். "எடுத்தாச்சா மாமா?"

"ஒண்ணும் வரல" என்றான்.

மச்சான் அவனைப் பார்க்கவில்லை. பக்கத்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் இல்லாத நாற்காலி. அதன் முன்னே கீபோர்டு. பொத்தான்கள் அமிழ்ந்தன. ஒவ்வொன்றாக அல்ல. மொத்தமாக, மெதுவாக, ஒரு கன்னத்தின் அகலத்துக்கு.

எழவில்லை.